பழைய அலுமினியப் படகு: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: “உடன்குடிக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவில் 2 ஏக்கரில் முருங்கையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறோம். பனையும் உண்டு. என் மைத்துனர் கடலுக்குப் போகிறவர். 14 அடி நீளம், 5 அடி அகலத்தில் பழைய அலுமினியப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. ரிவிட் அடித்த படகு. பின்பலகை உளுத்துவிட்டது, அடியில் தண்ணீர் கசிகிறது. ‘கொஞ்சம் எம்-சீல் வைத்து, பெயிண்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்’ என்கிறார் விற்பவர். மீன்பிடிக்கவும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகவும் ஆசை. என் மனைவியின் ஊர் ஏரல். 2023 வெள்ளத்தில் மாமனாரும் மாமியாரும் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு படகு இருக்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறார். முருங்கையில் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. வாங்கலாமா?”

பதில்: இந்தக் கடிதத்தில் ஒரே படகிடம் மூன்று வேலைகள் கேட்கப்படுகின்றன. மீன்பிடி, குடும்பப் பயணம், வெள்ளக் காலப் பாதுகாப்பு. மூன்றுக்கும் பதில் ஒன்றல்ல. படகைச் சரிசெய்ய முடியுமா என்பதற்குப் பெரும்பாலும் ‘முடியும்’ என்பதே பதில். சரிசெய்த படகில் குழந்தைகளை ஏற்றிக் குலசேகரன்பட்டினம் கடலில் இறங்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் பின்னால் வருகிறது.

முதலில் விலை. தூத்துக்குடிக் கரையில் மர வள்ளமும் ஃபைபர் படகும்தான் பழக்கம். அலுமினியப் படகு அபூர்வம். அதனால் இதற்கென்று சந்தை விலை கிடையாது, விற்பவர் சொல்வதுதான் விலை. ஆனால் அலுமினியத்துக்குப் பழைய இரும்புக் கடையில் எப்போதும் கிலோ விலை உண்டு. படகின் எடையைப் போட்டுப் பார்த்தால் அடி விலை தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 2.7 கிலோ இருக்கும். 14 அடிப் படகின் அடி, பக்கங்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 மில்லிமீட்டர் தகட்டில் 65 கிலோ. வங்கு, இருக்கை, ஏரா எல்லாம் சேர்த்து 90 கிலோ வரலாம். அந்த 90 கிலோவின் பழைய உலோக விலைக்குக் கொஞ்சம் மேலே வரை கொடுக்கலாம். அதற்கு இரண்டு மூன்று மடங்கு கேட்டால் விட்டுவிடுவதே மேல். சீரமைப்பு கைகூடாமல் போனாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும் என்பதுதான் அலுமினியப் படகின் பெரிய வசதி. பழுதான ஃபைபர் படகுக்கு இது கிடையாது. கடற்கரை ஊர்களில் உடைந்த ஃபைபர் ஓடுகள் வாங்க ஆளில்லாமல் மணலில் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அலுமினியம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். அங்கிருந்துதான் அது சமையலறைக்குப் போனது. சிறு படகுகளில் அது பரவியது இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-க்குப் பிறகு. அமெரிக்காவில் போர் விமானம் செய்துகொண்டிருந்த குரும்மன் நிறுவனம், அதே தகடு வேலையையும் ரிவிட் வேலையையும் வைத்துச் சிறு படகுகள் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்துப் படகுகளில் சில இன்றும் ஏரிகளில் ஓடுகின்றன. ஆகவே பழசு என்பதற்காகவே தள்ள வேண்டியதில்லை. எந்த ரகத் தகடு, எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

கடலுக்கு ஏற்ற ரகங்கள் மக்னீசியம் கலந்தவை. 5052, 5083, 5086 என்று எண் போட்டிருக்கும். சட்டங்களுக்கு 6061, 6082 போன்றவை வரும். படகின் பின்பலகைப் பக்கம் ஒரு சிறு தகட்டில் விவரம் பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2-ல் தொடங்கும் எண் என்றால் அது செம்பு கலந்த ரகம், உப்புத் தண்ணீருக்கு ஆகாது. விவரத் தகடு இல்லை என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. உள்பக்கம் மறைவான ஓர் இடத்தைச் சுரண்டி, காஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துத் துடைத்தால், செம்பு கலந்த தகடு கறுத்திருக்கும். மக்னீசியம் ரகம் வெளுப்பாகவே இருக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி, படகைக் கெடுப்பது எது என்பது. இரும்பு துருப்பிடிப்பதுபோல அலுமினியம் முழுவதுமாக அரிக்காது. காற்றுப் பட்டதும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, அதுவே கவசமாக நிற்கும். பெயிண்ட் அடிக்காத கடல் ரக அலுமினியம் உப்புத் தண்ணீரில் பல ஆண்டுகள் நிற்பது இதனால்தான். அந்தக் கவசத்தை உடைப்பவை மூன்று. வேறு உலோகத்தின் தொடர்பு, ஈரம் தேங்கிக் காற்றுப் படாத இடுக்கு, காரம்.

வேறு உலோகத்தின் வேலையை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போர்டோ கலவை தயாரித்ததும் அதில் அரிவாளை முக்கிப் பார்ப்பது வழக்கம். அரிவாளில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அங்கே நடப்பது என்ன? கரைசலில் உள்ள செம்பு இரும்பின் மேல் படிகிறது, அதற்கு ஈடாக இரும்பு கரைகிறது. இரும்புக்கே அந்தக் கதி என்றால், அதைவிட வேகமாகக் கரையக்கூடிய அலுமினியத்தின் நிலை என்ன? உப்புத் தண்ணீர் நனைந்த படகில் ஒரு பித்தளைத் திருகு, ஒரு செம்புக் கம்பித் துண்டு, ஏன், தவறி விழுந்த ஒரு செப்புக் காசு கிடந்தாலே போதும். சில மாதங்களில் அது கிடந்த இடத்தில் ஊசி ஓட்டை விழுந்துவிடும்.

இதில் உலகமே பார்த்த பாடம் ஒன்று உண்டு. 1895-ல் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிக்காக நதானியேல் ஹெரிஷாஃப் ‘டிஃபெண்டர்’ என்ற படகைக் கட்டினார். எடை குறைய வேண்டும் என்று நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியம், கீழே வெண்கலம், உள்ளே எஃகுச் சட்டம். கோப்பையை ஜெயித்தது. ஆனால் மூன்று உலோகங்களும் கடல் தண்ணீரில் ஒன்றையொன்று தின்ன, 1901-ல் அதை உடைத்தே போட்டார்கள். அன்றைய பெரும் பணக்காரர்களின் படகுக்கு நேர்ந்தது அது.

அதனால் வாசகர் பார்க்கும் படகில் முதல் வேலை, காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றி வருவது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டுகிற இடமெல்லாம் இரும்பு ஆணி, இரும்பு போல்ட், முன்பு யாரோ செய்த அவசர வேலை. அவை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பித்தளை, செம்பு காந்தத்தில் ஒட்டாது, அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் வடிக்கும் அடைப்பான் பித்தளையில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நைலானில் போட வேண்டும். கட்டாயம் போல்ட் வேண்டிய இடத்தில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போடலாம், நைலான் வாஷரும் பசையும் வைத்து அலுமினியத்தைத் தொடாமல் இறுக்க வேண்டும்.

பெயிண்ட் கடையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மர வள்ளத்துக்கும் ஃபைபருக்கும் அடியில் பாசி, சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் பெயிண்டுகளில் பெரும்பாலானவை செம்பு கலந்தவை. மைத்துனர் வீட்டில் பாதி டின் மிச்சமிருந்தால் அதைத் தொடவே கூடாது. அலுமினியத்தின் மேல் அதைப் பூசுவது, போர்டோ கலவையில் அரிவாளை நிரந்தரமாக ஊறப்போடுவதுதான். ஈயம் கலந்த பழைய சிவப்புப் பூச்சும் ஆகாது. தோட்டத்தில் தெளிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு டப்பாவைப் படகில் ஏற்றிச் செல்வதையும் தவிர்க்க வேண்டும்.

காரம் என்றது சுண்ணாம்பும் சிமென்ட்டும். உடன்குடிப் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை. பதநீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிறவர்கள் அதை அலுமினியச் சட்டியில் கரைத்து வைப்பதில்லை. வைத்தால் சட்டி பொரிந்து கறுத்துப்போகும். (உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கருப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.) ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி அடைத்த படகாக இருந்தால், சிமென்ட்டைத் தட்டி எடுத்து அடியில் தகடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கப் படகைக் கடலில் இறக்க வேண்டியதில்லை. நான்கு இடத்தில் நல்ல முட்டுக் கொடுத்து நிறுத்தி, உள்ளே அரை அடிக்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்றினால் கசிவு வெளிப்பக்கம் முத்துமுத்தாகத் தெரியும். அந்த இடங்களை மார்க்கர் பேனாவால் வட்டமிட வேண்டும். விளிம்பு வரை நிரப்பிவிடக் கூடாது. ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். மெல்லிய தகடு அந்தப் பாரத்தில் நெளிந்து, கசியாத ரிவிட்டும் தளர்ந்துவிடும்.

தளர்ந்த ரிவிட்டை உள்ளே கனமான இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து வெளியே சுத்தியலால் அடித்தால் பெரும்பாலும் இறுகிவிடும். இரண்டு பேர் வேலை. தலை தேய்ந்ததை, துளை பெருத்ததைத் துளையிட்டு எடுத்துவிட்டு ஒரு சுற்றுப் பெரிய அலுமினிய ரிவிட் போட வேண்டும். துளையில் பசை வைத்து, ரிவிட் காலின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு வெளியே நீட்டியிருக்கும்படி நீளம் பார்த்து வாங்கினால் தலை சரியாக உட்காரும். கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் பாப் ரிவிட் நடுவில் ஓட்டை உள்ளது, அதன் ஊசியோ இரும்பு. பெயர்ப்பலகை மாட்டத்தான் அது சரி. நீர்மட்டத்துக்குக் கீழே கூடாது. எம்-சீலும் அப்படித்தான். படகின் தகடு அலையில் ஒவ்வொரு தட்டுக்கும் வளைந்து நிமிரும், எம்-சீல் வளையாது. ஒரு பருவத்துக்குள் ஓரம் விட்டு, அடியில் உப்புத் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துவிடும். வளைந்துகொடுக்கும் பாலியூரிதேன் பசைதான் வேண்டும்.

ஊசிக்குழிகள் 2 மில்லிமீட்டர் தகட்டில் பாதி ஆழத்துக்கு மேல் போயிருந்தால் ஒட்டுத் தகடு போட வேண்டும். அதே ரகத் தகடு, மூலைகளை வட்டமாக வெட்டி, முழுப் பரப்பிலும் பசை தடவி, ஓரம் முழுக்க ரிவிட். சாதாரணக் கடையில் கிடைக்கும் தகடு பெரும்பாலும் பாத்திர ரகம், மென்மையானது. எண் சொல்லிக் கேட்டு, பெரிய நகரங்களின் உலோகக் கடைகளில் வாங்க வேண்டியிருக்கும். விரிசல் ஓடியிருந்தால், இரண்டு முனையிலும் சிறு துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் ஒட்டு. துளை போடாவிட்டால் ஒட்டுக்கு அடியிலேயே விரிசல் நடக்கும்.

‘வெல்டிங் வைத்துவிடலாமே’ என்று பட்டறைக்காரர் சொல்வார். ஊர்ப் பட்டறையில் கேட்டு கதவு செய்யும் ஆர்க் வெல்டிங்கால் 2 மில்லிமீட்டர் அலுமினியத்தைப் பற்றவைக்க முடியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது, அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரி தாண்டித்தான் உருகும். படலம் உருகுவதற்குள் அடியில் தகடு வழிந்தோடிவிடும். ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் டிக், மிக் வெல்டிங் தெரிந்த கை வேண்டும். தெரிந்தவர் செய்தாலும் பற்றவைத்த இடத்தைச் சுற்றித் தகட்டின் பலம் குறையும். ரிவிட் படகை ரிவிட்டாலேயே சரிசெய்வது நல்லது.

பின்பலகை உளுத்திருப்பதாக எழுதியிருக்கிறார். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எஞ்சின் தொங்குவது அதில்தான். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்கி, வெட்டிய ஓரங்களையும் துளைகளையும் எபாக்ஸி ஊட்டி அடைத்து, உலர்ந்த பிறகு பொருத்த வேண்டும். கரையான் வராது என்று மருந்து ஏற்றிய பலகையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். மறுபடி அதே அரிவாள் கதை. பழைய பலகையைக் கழற்றும்போது பின்னால் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அதுவும் எதிர்பார்த்ததே. ஈரப் பலகையை ஒட்டிக் காற்றுப் படாமல் கிடந்த தகடு அப்படித்தான் ஆகும். அந்த இடத்தை நன்றாகச் சுரண்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். இந்தப் படகின் உண்மையான விலை அங்கேதான் எழுதியிருக்கிறது.

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக: உள்பக்கம் அடிக்கவே வேண்டாம். வெளியே அடிக்க ஆசை என்றால், இரும்புக் கம்பி பிரஷைத் தவிர்த்து உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி உலர்த்தி, தேய்த்த சில மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர் ஓட்டிவிட வேண்டும். மறுநாள் என்று விட்டால் படலம் மறுபடி வந்து பெயிண்ட் உரியும்.

அடுத்தது, விற்பவர் யாரும் சொல்லாத விஷயம். மரம் மிதக்கும், அலுமினியம் முழுகும். அலை ஏறித் தண்ணீர் நிறைந்துவிட்டால் மர வள்ளம் கவிழ்ந்தாலும் மிதந்து கிடக்கும், பிடித்துக்கொண்டு தொங்கலாம். அலுமினியப் படகு, மிதவை வைக்காவிட்டால், எஞ்சினோடு நேரே கீழே போகும். பழைய படகுகளில் இருக்கைக்கு அடியில் நுரை அடைத்திருப்பார்கள். அது தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

எவ்வளவு மிதவை வேண்டும் என்பதற்குக் கணக்கு இதோ. 90 கிலோ அலுமினியம் தண்ணீருக்குள் ஏறக்குறைய 57 கிலோ பாரம் காட்டும். 9.9 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சுமார் 40 கிலோ, நங்கூரம், இரும்புச் சாமான் 15 கிலோ. நான்கு பேர் பிடித்துத் தொங்க ஆளுக்கு 10 கிலோ வீதம் 40. மொத்தம் 152. ஒரு லிட்டர் காற்றோ நுரையோ ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். கொஞ்சம் கூடுதலாக 200 லிட்டர் நுரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தண்ணீர் குடிக்காத, மூடிய கண்ணறை உள்ள நுரையாக இருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். கையில் காசு இல்லாத நேரத்தில் மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன்கள் பத்தை இருக்கைகளுக்கு அடியில் வலுவாகக் கட்டலாம். வெயிலில் வெடிக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மிதவை எதுவானாலும் பக்கவாட்டில் உயரமாக இருக்க வேண்டும். அடியில் வைத்தால் தண்ணீர் நிறைந்ததும் படகு குப்புறப் புரளும்.

சீரமைப்பு முடிந்ததும், எஞ்சின் எடைக்கு ஈடான மணல் மூட்டையைப் பின்பக்கம் கட்டி, இடுப்பளவு தண்ணீருள்ள குளத்தில் படகை வேண்டுமென்றே முழுக்கிப் பார்க்க வேண்டும். மிதந்து நிமிர்ந்து நிற்கிறதா? நின்றால்தான் அடுத்த பேச்சு. இந்தச் சோதனையைப் பார்க்க மனைவியையும் கூட்டிப்போவது நல்லது. படகு வேண்டும் என்று கேட்டவர் அவர்தானே.

எத்தனை பேர் ஏறலாம்? 20 அடிக்குட்பட்ட படகுகளுக்குப் பல நாடுகளில் புழங்கும் ஒரு கைக்கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுப்பது. 14 x 5 ÷ 15 = 4.67. அதாவது நான்கு பேர். இது அமைதியான தண்ணீருக்கான கணக்கு, கடலுக்கு அல்ல.

குலசேகரன்பட்டினம் கரை திறந்த கரை. அங்கே இறங்கும் வள்ளங்களின் அணியம் உயர்ந்து நிற்பது அழகுக்காக இல்லை, கரையில் உடையும் அலையைப் பிளந்து ஏற. ஏரிக்காகச் செய்த 14 அடி அலுமினியப் படகுக்கு அந்த உயரம் கிடையாது, எடையும் கிடையாது. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதங்களில் அது சருகாக அலையும். ஆகவே, மைத்துனரும் அவரும் இரண்டு பேராக, காற்று எழுவதற்கு முந்திய காலையில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தூண்டில் போட்டுவர இது போதும். எந்த நாள் போகலாம், எந்த நாள் கூடாது என்பதில் கடைசி வார்த்தை மைத்துனருடையதாக இருக்கட்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக் கடலில் இறங்குவது மட்டும் வேண்டாம். அவர்களுக்கு மணப்பாட்டில் கருமேனியாறு கடலைச் சேரும் கழிமுகப் பக்கம், நீரோட்டம் இல்லாத நாட்களில், ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கியோடு போகலாம். குழந்தைக்குக் குழந்தை அளவு மேலங்கி வேண்டும். பெரியவர்களுடையது தண்ணீரில் தலைக்கு மேலே கழன்றுவிடும். அலுமினியம் வெயிலில் தோசைக்கல்லாகக் காயும் என்பதால் இருக்கையில் பலகையோ பாயோ போட வேண்டும்.

வெள்ளத்துக்கு உதவுமா? உதவும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது கடலோர ஊர்களின் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மக்களை மீட்டார்கள். வேலிக் கம்பியும் இடிந்த சுவரும் மறைந்து கிடக்கும் தெருவில் ரப்பர் படகு கிழியும், அலுமினியம் நசுங்குமே தவிர எளிதில் கிழியாது. நான்கு பேர் தூக்கி டிராக்டரில் ஏற்றிவிடலாம். ஆனால் அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். தொங்கும் மின்கம்பி படகைத் தொட்டால் ஏறியிருப்பவர்கள் எல்லோருக்கும் அதிர்ச்சிதான். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியான தெருவில் மட்டுமே இறக்க வேண்டும். துடுப்பு மரத்தில் இருக்கட்டும். ஆற்றின் இழுப்பு உள்ள பக்கம் போகவே கூடாது. குலசேகரன்பட்டினத்தில் இருக்கும் படகு, ரோடு அறுந்த நாளில் ஏரலுக்குப் போய்ச் சேருமா என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும் மாமனார், மாமியாரை முன்கூட்டியே இங்கே அழைத்துவருவது படகைவிட நிச்சயமான வழி. மாடியில் இரண்டு நாள் இருந்தவர்கள் அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்கள்.

பராமரிப்பில் முக்கியமானது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, அடைப்பானைத் திறந்து, காய வைப்பது. கடலோரக் கிணறுகள் பல உப்பேறிவிட்டன, அந்தத் தண்ணீரில் கழுவுவதும் கழுவாததும் ஒன்று. ஈர மணலில் அப்படியே போட்டுவைக்காமல், பழைய டயர்களின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். தினமும் கரையேற்றும் படகுக்குத் துத்தநாகக் கட்டி மாட்டுவது வீண் செலவு. தண்ணீரிலேயே கட்டிப்போடும் படகுக்குத்தான் அது வேண்டும். ஈயக்குண்டு வலையை பிளாஸ்டிக் கூடையில் வைத்தால் போதும்.

கடலில் மீன்பிடிக்க எந்தப் படகானாலும் மீன்வளத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தூத்துக்குடியிலுள்ள மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில், விற்பவர் கையெழுத்திட்ட விற்பனை ரசீதோடு விசாரித்துவிட்டு, பதிவு கிடைக்கும் என்று தெரிந்த பிறகு முழுப் பணத்தைக் கொடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. இந்தப் படகு எந்த வகையில் சேரும் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. படகின் உறுதி பற்றிச் சந்தேகம் இருந்தால், 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கும் மீன்வளக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொரு கேள்வி: மணப்பாட்டிலிருந்து ஒரு குடும்பத்தினர், “எங்கள் ஃபைபர் வள்ளத்தில் அணியத்துக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. ரெசின் வாங்கி நாங்களே ஒட்டலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

பதில்: ஒட்டலாம். வெடிப்பின் மேலேயே துணி ஒட்டினால் நிற்காது. வெடிப்பின் இரு பக்கமும் தடிமனைப்போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் பக்கத்துக்கு 6 சென்டிமீட்டர். உப்பும் ஈரமும் போகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, பிறகுதான் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும். சிறிய துண்டு அடியில், பெரிய துண்டு மேலே என்று அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழை உருளையால் விரட்ட வேண்டும். கடினப்படுத்தியை ரெசினில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கலந்தால் போதும். கடையில் கோபால்ட் என்று ஊதா நிற முடுக்கி ஒன்றும் தருவார்கள். அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கடினப்படுத்தியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டில்களையும் வீட்டில் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம், குழந்தைகள் கை எட்டும் இடத்திலும் வேண்டாம்.